பாபநாசம் முதல் உவரிக் கடல் வரை: தண்ணீர்த் தரக் கோடைப் பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

மே முதல் வாரத்தில் ஆறேழு மாணவர்கள் திருநெல்வேலியில் உள்ள எங்கள் ஆய்வகத்துக்கு வருவார்கள். வேதியியல், விலங்கியல், சுற்றுச்சூழல் அறிவியல், சிவில் என்று கலந்து இருப்பார்கள். எட்டு வாரம் ஆறு, குளம், கடற்கரை என்று அலைவோம். ஜூன் கடைசியில் பாதிப் பேரிடம் உருப்படியான தரவு இருக்கும். மீதிப் பேரிடம் நோட்டு நிறைய எண்கள் இருக்கும், அவற்றை வைத்து ஒரு வரி எழுத முடியாது. அவர்கள் சறுக்கும் இடங்கள் வருஷா வருஷம் ஒன்றேதான். அந்த இடங்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை நடக்கும் எல்லை இது: தாமிரபரணி பாபநாசத்தில் இறங்கி, திருநெல்வேலி மாநகரைக் கடந்து, சீவலப்பேரியில் சிற்றாற்றைச் சேர்த்துக்கொண்டு, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிப் புன்னைக்காயலில் கடலில் கலக்கும் வரை. அதோடு நகரத்துக் குளங்களும் உவரி, இடிந்தகரைப் பக்கத்துக் கடற்கரையும்.

1. பொங்கல் முடிந்ததும் கடிதங்களைத் தொடங்குங்கள்

ஏப்ரலில் பரீட்சை முடிந்த பிறகு இடம் தேடினால் கிடைக்காது. பல்கலைக்கழகத் துறைகள், தூத்துக்குடியில் உள்ள மீன்வளக் கல்லூரி, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆய்வகங்கள் என்று எங்கே கேட்டாலும் உங்கள் துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதமும் கல்லூரியின் ஆட்சேபணை இல்லைச் சான்றும் கேட்பார்கள். இவை கையில் வரவே ஒரு மாதம் ஆகும்.

விண்ணப்பத்தில் "தண்ணீரைப் பற்றி ஆர்வம் உண்டு" என்று எழுதாதீர்கள். கையால் என்ன செய்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காண்பது) தெரியுமா, கிருமி வளர்க்கும் ஊடகம் தயாரித்து ஆட்டோகிளேவ் (நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) போட்டதுண்டா, நீச்சல் தெரியுமா. கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் வேண்டும். யாரைப் படகில் ஏற்றுவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

மாதிரி எடுக்கும் இடங்களுக்கான அனுமதி வேறு. பாபநாசத்துக்கு மேலே காரையார் பக்கம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது, வனத்துறை அனுமதி இல்லாமல் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது. மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கும் அப்படித்தான். கூடங்குளம் அணுமின் நிலையத்தை ஒட்டிய கரையில் பாட்டிலோடும் கேமராவோடும் போய் நிற்காதீர்கள். எட்டு வாரத்தில் அனுமதி வராத இடத்தை முதலிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது.

2. ஒரே ஒரு கேள்வி

"தாமிரபரணியின் தண்ணீர்த் தரம்" என்பது தலைப்புதான், கேள்வி ஆகாது. "மாநகருக்குள் நுழையும் ஆற்று நீருக்கும் வெளியேறும் ஆற்று நீருக்கும் ஆக்சிஜனிலும் கிருமியிலும் எவ்வளவு வித்தியாசம்?" என்பது கேள்வி. "நயினார்குளத்தில் விடியலுக்கும் பிற்பகலுக்கும் இடையில் ஆக்சிஜன் எவ்வளவு ஏறி இறங்குகிறது?" என்பதும் கேள்வி.

கேள்வி தெளிவாக இருந்தால் எத்தனை இடம், எத்தனை முறை, எந்த அளவீடு என்பதெல்லாம் தானாக விழும். இல்லாவிட்டால் இருபது இடத்தில் ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்து, எந்த இடத்திலும் இரண்டாவது முறை போகாமல் முடியும். ஆறு இடத்துக்கு ஆறு முறை போவது முப்பத்தாறு இடத்துக்கு ஒரு முறை போவதைவிட எவ்வளவோ மேல்.

3. ஆய்வகக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படும் நேரத்தை முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் முதலில் வண்டி எப்போது கிடைக்கும் என்று பார்ப்பார்கள். நான் கடைசியிலிருந்து எண்ணச் சொல்கிறேன். மாதிரி ஆய்வக மேசைக்கு வந்த பிறகு அதற்கு எவ்வளவு நேரம், எத்தனை நாள் தேவை என்று பாருங்கள். அதிலிருந்து பின்னோக்கி வந்தால் புறப்படும் கிழமையும் மணியும் கிடைத்துவிடும்.

பி.ஓ.டி. என்பது தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு. அந்தச் சோதனையை இந்தியத் தரமுறைப்படி 27 டிகிரியில் 3 நாள் வைக்கிறோம். வியாழக்கிழமை மாதிரி எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைத் திறக்க வேண்டும். ஆய்வகம் பூட்டியிருக்கும். திங்கள் எடுத்தால் வியாழன், செவ்வாய் எடுத்தால் வெள்ளி. மலம் கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமிகளின் சோதனைக்கு முதல் வாசிப்பு 24 மணி நேரத்தில், அடுத்தது 48 மணி நேரத்தில், அதன் பிறகு உறுதிப்படுத்தும் சோதனைக்கு இன்னும் ஒன்றிரண்டு நாள். ஆகவே களப்பணி திங்கள், செவ்வாய் மட்டும். புதன் முதல் வெள்ளி வரை ஆய்வகம். இந்த ஒன்றை மாற்றவே மாட்டேன்.

அடுத்தது மணி. கிருமிச் சோதனைக்கான பாட்டில் ஐஸில் இருந்தாலும் 6 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சோதனைக்குப் போய்விட வேண்டும். உவரியிலிருந்து திருநெல்வேலிக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வந்து இறக்கி, பெயர் பதிந்து, குழாய்களில் ஊற்ற ஒரு மணி நேரம். அப்படியானால் முதல் பாட்டிலுக்கும் கடைசிப் பாட்டிலுக்கும் நடுவில் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது. எத்தனை இடம் போகலாம் என்பதை இந்த மூன்று மணி நேரம் சொல்லிவிடும்.

4. பாட்டில் இல்லாமல் ஒரு நாள் நடந்து பாருங்கள்

முதல் வாரத்தில் ஒரு முழு நாளை இதற்கு ஒதுக்குங்கள். நோட்டும் செல்போனும் போதும். மாநகரக் கேள்விக்கு நான் வழக்கமாகக் காட்டும் பாதை இது: நகருக்கு மேலே சுத்தமல்லி அணைக்கட்டு, நகர முனையில் குறுக்குத்துறை, நடுவில் கொக்கிரகுளம் சுலோசன முதலியார் பாலம், அதைத் தாண்டிச் சிந்துபூந்துறை, கடைசியில் நகரத்தை விட்டு வெளியே சீவலப்பேரி.

ஒப்பீட்டு இடமாகச் சுத்தமல்லியை எடுப்பதற்குக் காரணம் உண்டு. பலர் பாபநாசத்தைச் "சுத்தமான தண்ணீர்" என்று வைத்து ஒப்பிடுவார்கள். பாபநாசம் படித்துறையில் பரிகாரம் செய்து துணியை ஆற்றில் விடுகிறார்கள், தினமும் நூற்றுக்கணக்கானோர் எண்ணெயும் சோப்புமாகக் குளிக்கிறார்கள். அங்கிருந்து நகரம் வரை வழியெல்லாம் ஊர்களும் வயல்களும் வேறு. நகரம் என்ன சேர்க்கிறது என்று தெரிய வேண்டுமானால் நகரத்துக்குச் சற்று மேலேதான் எடுக்க வேண்டும்.

சாக்கடை கலக்கும் வாயிலேயே பாட்டிலை நீட்டினால் அளப்பது சாக்கடையைத்தான். கலந்த பிறகு ஆறு எப்படி இருக்கிறது என்று பார்க்க, இரண்டு தண்ணீரும் முழுதாகக் கலக்கும் தூரத்துக்குக் கீழே போக வேண்டும். கோடையில் ஓட்டம் குறைவு என்பதால் கரையோரம் ஒரு நிறமும் நடுவில் ஒரு நிறமுமாக வெகுதூரம் பிரிந்தே ஓடும். அதைக் கண்ணால் பார்க்கலாம். நடந்து பார்ப்பதே அதற்குத்தான். சந்தேகம் இருந்தால் இடக்கரை, நடு, வலக்கரை என மூன்று இடத்தில், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை அளந்து பாருங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் கலந்துவிட்டது.

இன்னொன்று. ஆற்றுக்குள் இறங்கும் இடத்தை ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் தெரியாது. முழங்கால் ஆழம் என்று நினைத்து அடுத்த அடி வைத்தால் ஆள் மூழ்கும்.

5. முந்தின நாள் ராத்திரி

களத்தில் நடக்கும் தவறுகளில் பாதிக்கு மேல் முந்தின ராத்திரி நடந்தவை.

பாட்டில்கள் நான்கு வகை, ஒன்றை ஒன்றுக்குப் பதிலாக எடுக்க முடியாது. பொதுவான அளவீட்டுக்கு ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில். கரைந்த ஆக்சிஜனுக்கும் பி.ஓ.டி.க்கும் 300 மி.லி. கண்ணாடி பாட்டில், கண்ணாடி மூடியோடு. கிருமிக்கு ஆட்டோகிளேவ் செய்த பாட்டில், மூடியைச் சுற்றித் தாள் கட்டியது. அம்மோனியா, நைட்ரேட், சி.ஓ.டி. (அழுக்கை வேதிப்பொருளால் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) பார்ப்பதானால் கந்தக அமிலம் விட்டுப் பதப்படுத்தும் பாட்டில்.

மூன்று முறை அதே தண்ணீரில் அலசிவிட்டு நிரப்பு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அது முதல் வகைக்கு மட்டும். கிருமிப் பாட்டிலை அலசினால் ஆட்டோகிளேவ் செய்தது வீண். அமிலம் விட்ட பாட்டிலை அலசினால் அமிலம் ஆற்றோடு போய்விடும். ஒவ்வொரு வருஷமும் முதல் நாள் யாராவது ஒருவர் இதைச் செய்கிறார். இப்போது அந்த இரண்டு வகைப் பாட்டிலின் மூடியிலும் சிவப்பு நாடா ஒட்டி வைக்கிறோம். சிவப்பு என்றால் அலசாதே.

லேபிளை ராத்திரியே எழுதி ஒட்டுங்கள். ஒரு வருஷம் ஜெல் பேனாவால் எழுதிய பதினான்கு பாட்டில்களை ஐஸ் பெட்டியில் அடுக்கிக் கொண்டு வந்தோம். பெட்டியைத் திறந்தால் உருகிய ஐஸ் தண்ணீர் இளநீலமாக இருந்தது, ஒரு பாட்டிலிலும் ஒரு எழுத்தில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து எடுத்த தண்ணீர் மொத்தத்தையும் கீழே கொட்டினோம். பென்சிலால் எழுதுங்கள், மேலே ஒளிபுகும் டேப்பைச் சுற்றி ஒட்டுங்கள். மூடியில் எழுத வேண்டாம், மூடி மாறிப் போகும்.

மீட்டர்களைச் சீரமைப்பதும் ராத்திரி வேலை, காலையில் கரையில் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். பி.எச். (அமில, காரத் தன்மை) மீட்டருக்கு 7 பஃபரும் (பி.எச். தெரிந்த கரைசல்) அதோடு 4 அல்லது 9.2 பஃபரும். நம் தண்ணீர் பெரும்பாலும் 7க்கு மேலே இருப்பதால் 9.2 முக்கியம். மீட்டரின் கண்ணாடிக் குமிழை வடிநீரில் ஊறப்போட்டு வைக்காதீர்கள், கெட்டுவிடும். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள்.

கரைந்த உப்பை அளக்கும், பேனா மாதிரி இருக்கும் டி.டி.எஸ். கருவியை வைத்துக் கடலை அளக்கப் போகாதீர்கள். ஆற்று நீரின் கடத்துதிறன் மைக்ரோசீமென்ஸ் அலகில் நூறுகளில் இருந்தால் கடல் நீரினுடையது ஐம்பதாயிரத்தைத் தாண்டும். கருவியின் உச்ச அளவு என்ன என்று அதன் முதுகைப் பாருங்கள்.

ஐஸ் கட்டியை முந்தின நாளே சொல்லி வையுங்கள். மே மாத வெயிலில் ஒரு பெட்டிக்கு நீங்கள் நினைப்பதைப் போல இரண்டு மடங்கு தேவைப்படும். உடைத்துப் போட்டால்தான் பாட்டிலைச் சுற்றிப் படியும்.

6. ஆற்றங்கரையில் செய்யும் வரிசை

முதலில் நோட்டு. கரையில் இறங்கியதும் தேதி, மணி, வானம், காற்று, தண்ணீரின் நிறம், வாடை, யார் குளிக்கிறார்கள், மாடு நிற்கிறதா, மேலே மழை பெய்ததா, அணை திறந்திருக்கிறதா என்று எழுதுங்கள். கார் சாகுபடிக்கு ஜூனில் பாபநாசம் அணையைத் திறந்தால் ஆற்றின் குணமே ஒரே வாரத்தில் மாறும். அதை எழுதாத நோட்டில் "ஜூனில் தண்ணீர் திடீரென்று நன்றாகிவிட்டது" என்று நிற்கும், காரணம் யாருக்கும் தெரியாது.

அப்புறம் கிருமிப் பாட்டில். மற்றவர்கள் இறங்கிக் கலக்குவதற்கு முன்னால் இதை எடுக்க வேண்டும். ஓட்டம் வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். பாட்டிலைக் கவிழ்த்து ஒரு முழங்கை அளவுக்குக் கீழே கொண்டுபோய், வாயை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி நிரப்புங்கள். மேலே கொஞ்சம் காலியிடம் விட வேண்டும், குலுக்கிக் கலக்க அது தேவை.

மூன்றாவது கரைந்த ஆக்சிஜன். இதற்கு நேர் எதிர்: ஒரு குமிழிகூட உள்ளே இருக்கக் கூடாது. பாலத்திலிருந்து வாளியில் இறைத்து, வாளியிலிருந்து பாட்டிலுக்கு டீ ஆற்றுவதுபோல ஊற்றும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊற்றும்போதே காற்று கரைந்துவிடும். சாக்கடை கலந்த தண்ணீருக்குக்கூட நல்ல அளவு காட்டும். ரப்பர் குழாயை வாளியின் அடிக்கும் பாட்டிலின் அடிக்கும் போட்டு உறிஞ்சி இறக்குங்கள், பாட்டில் நிரம்பி இரண்டு மூன்று மடங்கு வழிந்தோடட்டும்.

பிறகு அந்த ஆக்சிஜனை அப்படியே பிடித்து வைக்கக் கரையிலேயே மாங்கனீசு சல்பேட் 2 மி.லி., கார அயோடைடு அசைடு 2 மி.லி., பிப்பெட் முனையைத் தண்ணீருக்கு அடியில் வைத்து விடுங்கள். மூடித் தலைகீழாகப் பல தடவை புரட்டுங்கள். இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். சுத்தமல்லிப் பாட்டிலில் நாட்டுச் சர்க்கரை நிறத்தில் திப்பி திப்பியாகப் படிவு இறங்கும். சாக்கடை வாயிலில் எடுத்த பாட்டிலில் அதே மருந்துக்குப் படிவு வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி நிற்கும். வெள்ளை என்றால் ஆக்சிஜன் இல்லை. எண் வருவதற்கு முன்பே பதில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பாட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பி.ஓ.டி. பாட்டில் தனி. அதில் இந்த மருந்துகளை ஊற்றினால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர் செத்துவிடும், மூன்று நாள் காத்திருந்து பயனில்லை. அவசரத்தில் வரிசையாக எல்லாப் பாட்டிலுக்கும் மருந்து விட்டுக்கொண்டே போவது மிகவும் சாதாரணமாக நடக்கும் பிழை.

கடைசியில் பி.எச்., வெப்பநிலை, கடத்துதிறன் மீட்டர்கள். பி.எச்.சையும் வெப்பநிலையையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அளப்பதில் அர்த்தமில்லை.

கரையில் ஆட்கள் கேட்பார்கள். குறுக்குத்துறையில் துவைத்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி எங்கள் மாணவனிடம், "யய்யா, இந்தத் தண்ணிய அள்ளிட்டு எங்க கொண்டு போறீய? குளிக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார். கையில் டி.டி.எஸ். பேனா 180 என்று காட்டியது. அவன், "நல்ல தண்ணிதான் ஆச்சி" என்றுவிட்டான். உப்பு குறைவு என்றுதான் அந்தப் பேனா சொன்னது. கிருமியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. "சோதனைக்கு எடுத்துட்டுப் போறோம் ஆச்சி, முடிவு வந்ததும் வந்து சொல்லுதேன்" என்பதுதான் சரியான பதில். சொன்னபடி திரும்பப் போய்ச் சொல்லவும் வேண்டும்.

7. நேரத்தின் சிக்கல்

இது ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் போன அறிக்கைகள் நிறைய.

பகலில் பாசியும் நீர்ச்செடியும் ஆக்சிஜனை விடுகின்றன, ராத்திரி எல்லாமாகச் சேர்ந்து அதை எடுத்துக்கொள்கின்றன. அதனால் விடியலுக்கு முன் ஆக்சிஜன் மிகக் குறைவு, பிற்பகலில் மிக அதிகம். பாசி பிடித்த குளத்தில் இந்த வித்தியாசம் பயங்கரமாக இருக்கும். 30 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். பச்சைக் குளத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு அதற்கு மேலே அளவு வந்தால் குளம் நன்றாக இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். அதே குளத்தை விடியற்காலை ஐந்தரைக்கு அளந்து பாருங்கள். மீன் செத்து மிதப்பது அந்த நேரத்தில்தான்.

இப்போது ஆற்றுக்கு வருவோம். காலை ஆறு மணிக்குச் சுத்தமல்லியில் தொடங்கி, பதினொரு மணிக்குச் சீவலப்பேரியில் முடித்தால் என்ன ஆகும்? மேலே இருந்த இடத்தை ஆக்சிஜன் குறைந்த நேரத்திலும், கீழே இருந்த இடத்தை வெயில் ஏறிய நேரத்திலும் அளந்திருக்கிறீர்கள். நகரத்தைத் தாண்டியதும் ஆறு தானாகச் சுத்தமாகிவிட்டது என்று தரவு சொல்லும்.

சுத்தமான இடத்திலிருந்து அழுக்கான இடத்துக்குப் போவதுதான் பொது விதி, வாளியும் கையுறையும் கிருமியைக் கடத்தாமல் இருக்க. இரண்டு விதியும் மோதுகின்றன. நான் செய்வது: இரண்டு அணி, இரண்டு செட் வாளி, ஒரே ஆறு மணிக்கு இரண்டு முனையிலும் தொடங்கி நடுவில் பாலத்தில் சந்திப்பது. ஆள் இல்லையென்றால் ஒரு வாரம் மேலிருந்து கீழே, அடுத்த வாரம் கீழிருந்து மேலே. அப்போது ஒவ்வொரு இடத்திலும் வாளியைப் புதிதாகக் கழுவியாக வேண்டும்.

8. கடலும் முகத்துவாரமும்

மே, ஜூன் கடல் நம் பக்கத்தில் அமைதியான கடல் அல்ல. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஏறும். கள்ளக்கடல் என்று சொல்லும் பேரலைகள் உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும் கரையேறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் போனார்கள். இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தின் எச்சரிக்கையை முந்தின நாளும் அன்று காலையும் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குக் கடல் வேலை இல்லை. தரவில் ஒரு கட்டம் காலியாக இருக்கட்டும்.

கரையில் நின்று அலையில் எடுக்கும் தண்ணீரில் மணல் கலந்திருக்கும், கலங்கல் அளவு தாறுமாறாக வரும். அலை உடையும் இடத்தைத் தாண்டி எடுக்கப் படகு வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு உண்டு. நாட்டுப்படகுகள் போகும். அதனால் படகு கிடைக்கும், ஆனால் படகுக்கார அண்ணனின் நேரத்துக்கு நீங்கள் போக வேண்டும். அவர் வலை எடுத்து வந்து மீனை ஏலம் போட்ட பிறகு கேளுங்கள், முன்னால் போய் நிற்காதீர்கள். ஜூன் 15க்குப் பிறகு விசைப்படகுகள் இறங்கினால் துறைமுகப் பக்கத்துத் தண்ணீரில் டீசலும் மீன் கழிவும் கூடும். எந்தத் தேதிக்கு முன், எந்தத் தேதிக்குப் பின் என்று பிரித்து எழுதுங்கள். லைஃப் ஜாக்கெட் போடாதவர் படகில் ஏற வேண்டாம், நீச்சல் தெரிந்தவரும்தான்.

ஓதத்தில் கடல் ஏறும் ஏத்தம், இறங்கும் வத்தம் இரண்டும் நாளுக்கு இரண்டு தடவை, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிஷம் தள்ளிப் போகும். "ஒவ்வொரு செவ்வாயும் காலை ஏழு மணி" என்று முகத்துவாரத்தில் மாதிரி எடுத்தால் ஒரு செவ்வாய் கடல் உள்ளே வரும்போதும் அடுத்த செவ்வாய் ஆறு வெளியே போகும்போதும் எடுத்திருப்பீர்கள். புன்னைக்காயலில் மணியைப் பார்த்துப் போகாதீர்கள், ஓதத்தைப் பார்த்துப் போங்கள். வத்தத்தின் கடைசியில் என்று முடிவு செய்தால் எட்டு வாரமும் அதே.

அங்கே இன்னொன்றும் உண்டு. உப்புத் தண்ணீர் கனமானது, அடியில் புகுந்து வரும், ஆற்றுத் தண்ணீர் மேலே மிதந்து போகும். மேல் தண்ணீரை மட்டும் எடுத்துப் பாதி உண்மையை எழுதாதீர்கள். மேலும் அடியும் இரண்டு பாட்டில் வேண்டும்.

ஆக்சிஜன் மீட்டரில் உப்புத்தன்மையைப் பதிந்துவிட்டுக் கடலில் அளக்க வேண்டும். 30 டிகிரிக் கடல் நீர் லிட்டருக்கு 6.2 மில்லிகிராம் அளவுதான் பிடிக்கும். பதியாவிட்டால் மீட்டர் அதை 7.5 என்று காட்டும். சி.ஓ.டி. சோதனையைக் கடல் நீருக்குச் செய்யாதீர்கள், குளோரைடு குறுக்கே வந்து எண்ணை ஊதிப் பெரிதாக்கிவிடும்.

9. ஆய்வகத்தில்

வந்ததும் முதலில் கிருமி, அடுத்து பி.ஓ.டி., மருந்து விட்டு வைத்த ஆக்சிஜன் பாட்டிலை அதன் பிறகு டைட்ரேட் செய்யலாம். சாப்பாடு அதற்கும் பிறகு.

கிருமிக்கு, எத்தனை குழாயில் வாயு உண்டாகிறது என்று பார்த்து எண்ணிக்கையைக் கணிக்கும் பல குழாய் முறையில் 10, 1, 0.1 மி.லி. என்று ஐந்தைந்து குழாய் போடுவது வழக்கம். நகரத்து ஆற்று நீருக்கு அது போதாது. பதினைந்து குழாயும் வாயு காட்டினால் "100 மி.லி.க்கு 1600க்கு மேல்" என்றுதான் எழுத முடியும். குளிக்கும் நீருக்கான மலக் கோலிஃபார்ம் உச்ச வரம்பு 2500. அதைத் தாண்டியதா என்றே சொல்ல முடியாமல் போகும். நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு நீர்த்த வரிசையும் போடுங்கள்.

பி.ஓ.டி.க்கும் இதே கதை. சாக்கடை கலந்த தண்ணீரை அப்படியே வைத்தால் முதல் நாளே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மூன்றாம் நாள் பூஜ்யம் வந்தால் அது முடிவாகாது. 300 மி.லி. பாட்டிலில் 30 மி.லி. மாதிரி விட்டு மீதியை நீர்க்கப் பயன்படுத்தும் கரைசலால் நிரப்பினீர்கள், ஆக்சிஜன் 7.4லிருந்து 3.9க்கு இறங்கியது என்றால் வித்தியாசம் 3.5. பத்தில் ஒரு பங்குதான் மாதிரி, ஆகவே பி.ஓ.டி. 35. இறக்கம் 2க்குக் குறையாமலும் கடைசியில் மிச்சம் 1க்குக் குறையாமலும் இருக்கும் பாட்டிலை மட்டும் கணக்கில் எடுங்கள். எது சரியாக வரும் என்று முன்கூட்டித் தெரியாது, அதனால் மூன்று விதமாக நீர்த்து வையுங்கள்.

அமிலத்தைத் தண்ணீரில் விடுங்கள், தண்ணீரை அமிலத்தில் விடாதீர்கள். கண்ணாடி, கையுறை போடுங்கள். களத்தில் சாக்கடை நீரில் கை வைத்தவர் சோப்பு போட்டுக் கழுவாமல் எதையும் தொடக் கூடாது, காலில் புண் இருந்தால் அன்று கரையில் நோட்டு எழுதும் வேலை.

10. எண்ணை நம்புவதற்கு முன்

பத்து மாதிரிக்கு ஒரு மாதிரியை இரட்டையாக எடுங்கள், ஆய்வகத்தில் யாருக்கும் எது இரட்டை என்று தெரியாத பெயரில். ஆட்டோகிளேவ் செய்த ஒரு பாட்டிலில் கிருமி நீக்கிய வடிநீரை ஊற்றிக் களம் முழுக்கக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டு வாருங்கள். அதில் கிருமி வந்தால் உங்கள் பெட்டியோ கையோ அழுக்கு.

ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். பி.ஓ.டி. அதிகம், ஆக்சிஜனும் அதிகம், நேரம் காலை ஆறு என்றால் எங்கேயோ காற்று புகுந்திருக்கிறது. ஒரே இடத்தில் கடத்துதிறன் ஒரு வாரம் மட்டும் ஆயிரம் மடங்கு என்றால் அலகைப் பாருங்கள், மைக்ரோவா மில்லியா.

பிடிக்காத எண்ணை அழிக்காதீர்கள். ஒரு கோடு போட்டு, பக்கத்தில் காரணம் எழுதி, மூல எண் தெரியும்படி விடுங்கள். வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூரில் எடுத்த மாதிரி விலகி நிற்கும், அது பிழை அல்ல. அன்றைக்குக் கடலில் இறங்கிய கூட்டம் அது.

11. எந்த வரம்போடு ஒப்பிடுவது

ஆற்று நீரைக் குடிநீர்த் தரத்தோடு ஒப்பிட்டு "தகுதியற்றது" என்று எழுதுவது எளிது, பயனற்றது. ஐ.எஸ். 10500 என்ற அந்தத் தரம் வீட்டுக் குழாயில் வரும் நீருக்கு. ஆற்றுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பயன்பாட்டு வகைகள் உண்டு. வெளியிடத்தில் குளிப்பதற்கான பி வகைக்கு ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமோ அதற்கு மேலோ, பி.ஓ.டி. 3க்குள், மொத்தக் கோலிஃபார்ம் 100 மி.லி.க்கு 500க்குள், பி.எச். 6.5 முதல் 8.5 வரை.

கடலுக்கு வேறு வகைகள். குளிக்கும் கடற்கரைக்கான எஸ்.டபிள்யூ. 2 வகையில் ஆக்சிஜன் 4, பி.ஓ.டி. 3, மலக் கோலிஃபார்ம் 100 மி.லி.க்கு 100. மொத்தக் கோலிஃபார்முக்கான வரம்பில் மலக் கோலிஃபார்ம் எண்ணை வைத்து ஒப்பிட்டுவிடாதீர்கள். இரண்டும் வேறு சோதனை, வேறு எண்.

12. அறிக்கையும் ஒப்படைப்பும்

ஏழாவது வாரத்தில் மாதிரி எடுப்பதை நிறுத்துங்கள். கடைசி வாரம் வரை எடுத்துக்கொண்டே இருந்தால் மூன்று நாள் பி.ஓ.டி. முடிவதற்குள் பயிற்சி முடிந்துவிடும்.

அறிக்கையில் சராசரியை மட்டும் போடாதீர்கள், ஒவ்வொரு நாளின் எண்ணும் நேரத்தோடும் ஓதத்தோடும் இணைப்பில் இருக்கட்டும். பக்கம் குறைவாக இருந்தால் முன்னுரையைக் குறைக்கலாம். குறுக்குத்துறையிலும் புன்னைக்காயலிலும் உங்களிடம் கேட்டவர்களுக்கு ஒரு பக்கத்தில் எளிய தமிழில் முடிவை எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கள நோட்டின் மூலப் பிரதி ஆய்வகத்திலேயே இருக்க வேண்டும். நீங்கள் படம் எடுத்துக்கொண்டு போகலாம். மீட்டரில் எது ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். பாட்டில்களை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்து, வடிநீரில் அலசிக் கவிழ்த்து வையுங்கள். பிசுபிசுத்துப் போன சிவப்பு நாடாவை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டிவிட்டுக் கிளம்புங்கள். அடுத்த அணி அதே பாட்டிலைத்தான் எடுக்கும்.